சூடு என்று எழுதி ஒட்டிய பெட்டி

தென்காசியில் எங்களுக்கு ஒரு மோட்டார் சாமான் கடை இருந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த பஜாரில் கடைக்குள் உட்கார்ந்து வியாபாரம் பார்த்த பெண்பிள்ளை நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியவள். மதுரையிலிருந்து வரும் பெட்டிகளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றுதான் முதலில் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஆறு மாதத்தில் கடை என் கைக்கு வந்துவிட்டது. அவர் சரக்கு எடுக்க ஊர் ஊராகப் போக ஆரம்பித்தார். அதில் இரண்டு பேருக்குமே சந்தோஷம்தான்.

டிரைவர்கள் என்னை அண்ணன் பெண்டாட்டி முறை வைத்து மதினி என்பார்கள். என்னைவிட இருபது வயது மூத்தவரும் மதினி என்றுதான் கூப்பிடுவார். நான் எல்லாரையும் அண்ணாச்சி என்பேன். முறையெல்லாம் பார்த்தால் குழப்பமாகத்தான் இருக்கும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். போல்ட்டைக் கையில் எடுத்து நாலு தடவை உருட்டிப் பார்த்துவிட்டு வைக்கிற ஆளை நான் சும்மா விடுவதில்லை. அதைக் கேட்டுச் சிரிப்பதற்காகவே சில பேர் கடைக்கு வந்து நிற்பார்கள். வாய் நீளமாக இருப்பது ஒரு சாமர்த்தியம் என்றே அந்த வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனி பிறந்துவிட்டால் குற்றாலத்தில் சாரல். வெளியூரிலிருந்து ஜனம் வந்து குவியும். உடம்பெல்லாம் எண்ணெய் வழிய அருவிக்குப் போகிறவர்கள் அப்படியே வாடகைக் காரில் ஏறி உட்காருவார்கள். அந்த எண்ணெய் சீட்டை விட்டு ஆவணி வரைக்கும் போகாது. சீட்டில் இருக்கிற எண்ணெயாவது துடைத்தால் போகும். இன்ஜினுக்குள் நடப்பதுதான் டிரைவர்களுக்குப் பெரிய தலைவலி. தென்காசியிலிருந்து குற்றாலம் மூன்று மைல். இன்ஜின் சரியாகச் சூடாவதற்குள் ஊர் வந்துவிடும். அங்கே போய் அரை மணி நேரம் நிறுத்தி வைப்பார்கள். மறுபடி மூன்று மைல். இப்படியே நாள் முழுக்க ஓடினால் பிளக் முனையில் கரியும் எண்ணெயும் அப்பிக்கொள்ளும். நெருப்புப் பொறி விழாது. காலையில் ஈரக்காற்றில் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் வண்டி இருமிவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

அந்தச் சமயத்தில்தான் இரண்டு ரக பிளக் எங்களுக்கு வந்தது. ஒரு பெட்டியில் ஹாட் என்றும் இன்னொன்றில் கோல்டு என்றும் அச்சடித்திருந்தது. கூடவே ஒரு பெரிய படம் கொடுத்தார்கள். அதில் வரிசையாகப் பிளக் முனைகள், ஒவ்வொன்றின் கீழேயும் பொடி எழுத்தில் நாலைந்து வரி. படத்தைச் சுவரில் மாட்டினேன். பொடி எழுத்தைப் படிக்க யாருக்குப் பொறுமை? நோட்டுத் தாளைக் கிழித்து, ஒன்றில் சூடு, ஒன்றில் குளிர்ச்சி என்று கொட்டை எழுத்தில் எழுதிப் பெட்டிகளில் ஒட்டினேன். இதைவிடப் பொருத்தமான தமிழ் உண்டா என்று எனக்கு ஒரே பெருமை.

சூடு, குளிர்ச்சி என்றால் நம் ஆட்களுக்கு விளக்கமா சொல்ல வேண்டும்? பப்பாளி சூடு, இளநீர் குளிர்ச்சி. அருவியில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவனுக்குச் சுக்குக் காப்பி, சித்திரை வெயிலில் வருகிறவனுக்கு மோர். வண்டிக்கும் அதே வைத்தியத்தை வைத்தேன். சாரல் காலத்துக்குச் சூடு பிளக், வெயில் காலத்துக்குக் குளிர்ச்சி பிளக். கேட்டவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், குற்றாலத்துக்கு ஓடுகிற வண்டிகளுக்குச் சூடு பிளக் போட்டதும் அத்தனையும் ஒரே சுற்றில் கிளம்பின. அந்த சீசன் முழுக்க என் பேர் பிளக் மதினி. கடையம், சுரண்டையிலிருந்தெல்லாம் ஆள் வந்து கேட்டார்கள்.

என்னிடம் முதன்முதலில் சூடு பிளக் வாங்கிப் போட்டவர் இலஞ்சிக்காரர் ஒருவர். பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்து, ஒரு பழைய காரை வாங்கி வாடகைக்கு விட்டிருந்தார். அந்தக் காரை அவர் துடைக்கிற மாதிரி நான் என் பித்தளைக் குடத்தைக்கூட விளக்கியதில்லை. அவரும் அவர் சம்சாரமும் அதற்கு முன்பிருந்தே எங்களுக்கு உறவு மாதிரி. அவளுக்கு முன்பே இரண்டு தடவை கலைந்துவிட்டது. மூன்றாவது தங்கி, ஏழாம் மாதம் வளைகாப்பும் நடந்தது. நானும் போய் இரண்டு கைக்கும் வளையல் அடுக்கிவிட்டு வந்தேன். திருவனந்தபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துவந்த டாக்டரம்மா, எட்டாம் மாதமே வந்து படுத்துவிட வேண்டும், வீட்டில் வைத்துக்கொண்டு பயந்து சாகாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம். ரயிலில் அந்தக் குலுக்கல் வேண்டாம், தன் வண்டியிலேயே பைய ஓட்டிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்று பட்டாளத்துக்காரர் முடிவு பண்ணினார்.

போகிறதற்கு முந்தின நாள் மத்தியானம் கடைக்கு வந்தார். ஆடி முதல் வாரம். வெளியே பொடித் தூற்றல். கடைக்குள் ஐந்தாறு டிரைவர்கள் ஒதுங்கி நின்றார்கள். அவர் கையில் ஒரு துணி முடிச்சு. அதில் நாலு பிளக், சூடு பிளக் போடுவதற்கு முன்னால் அந்த வண்டியில் இருந்த பழைய நாலு. அவை குளிர்ச்சி ரகம்.

"மதினி, நாளைக்கு வெள்ளனே அவளக் கூட்டிக்கிட்டுப் போறேன். புளியரை மலை ஏறணும். இந்தச் சூடு பிளக்கே கெடக்கட்டுமா, இல்ல பழசையே மாட்டிக்கிடவா?" என்றார். பட்டாளத்தில் மலை ஏறுவதற்கு முன்னால் பிளக்கை மாற்றுவார்கள் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது. எதைக் கழற்றி எதை மாட்டுவார்கள் என்பது தெரியவில்லை. அந்த வேலைக்கு அங்கே வேறு ஆட்கள் இருந்தார்களாம்.

நான் திரும்பி அந்தப் படத்தைப் பார்த்திருக்கலாம். என் தலைக்குப் பின்னால் இரண்டு முழ தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கடையில் ஐந்தாறு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் போய்விட்டது.

"மலையில இங்கன விட மழையும் குளிரும் சாஸ்தி. அதுல போய்க் குளிர்ச்சி பிளக்க வச்சியன்னா வண்டிக்கு ஜன்னி கண்டுரும் அண்ணாச்சி" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். முடிச்சை மறுபடி கட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சம்சாரத்திடமும் இதைச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார்.

மூன்றாம் நாள்தான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. புளியரை தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் இன்ஜினில் ஒரு சத்தம் வந்திருக்கிறது, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி. வண்டிக்கு இழுப்பு குறைந்திருக்கிறது. மலை உச்சியில் கோட்டைவாசலைத் தாண்டிவிட்டால் அப்புறம் இறக்கம்தான் என்று அவர் ஆக்ஸிலேட்டரில் காலை அழுத்தியிருக்கிறார். இன்னும் இரண்டு வளைவு. பின்னால் வெள்ளைப் புகை, ஒரு வெடி, அவ்வளவுதான். மழை கொட்டுகிறது. வருகிற வண்டி எல்லாம் நிறைந்து வருகிறது. காருக்குள்ளேயே அவளுக்கு வலி எடுத்துவிட்டது. நாலு மணி நேரம் கழித்து ஒரு மர லாரிக்காரன் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டு புனலூர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கினானாம். அவள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளை.

வண்டியை இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துவந்து தென்காசியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் போட்டார்கள். பிரித்துப் பார்த்த மெக்கானிக், கழற்றிய நாலு பிளக்கையும் கொண்டுவந்து என் மேஜையில் போட்டார். பிஸ்டனில் ஓட்டை விழுந்திருக்கிறது, விரலை விட்டு எடுக்கலாம் என்றார். பட்டாளத்தான் லாரி என்று நினைத்துக் காரை மிதித்திருக்கிறான், இரும்பு உருகுகிற அளவுக்கா ஒருத்தன் மிதிப்பான் என்று திட்டினார். நான் பிளக்கை எடுத்துப் பார்த்தேன். முனையில் கரி இல்லை, எண்ணெய் இல்லை. பீங்கான் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கொப்புளம் கட்டியிருந்தது. ஒன்றில் கம்பி உருகி உருண்டையாகத் தொங்கியது.

மெக்கானிக் போனதும் ஸ்டூலைப் போட்டு ஏறி அந்தப் படத்தை முதல் தடவையாகப் படித்தேன். வெளுத்த முனை, கொப்புளம், உருகிய கம்பி, எல்லாம் அப்படியே வரைந்திருந்தது. கீழே பொடி எழுத்தில், இந்த வேலைக்கு இந்தப் பிளக் அதிகச் சூடு, குளிர்ந்த ரகத்தை மாட்டவும் என்று போட்டிருந்தது. அதற்கு மேலே இரண்டு ரகத்தையும் குறுக்கே வெட்டிக் காட்டியிருந்தார்கள். சூடு பிளக் என்றால் இன்ஜினுக்குச் சூடு கொடுக்கிற பிளக் இல்லை. தன் மேல் ஏறிய சூட்டை விடாமல் வைத்துக்கொள்கிற பிளக். அதன் பீங்கான் மூக்கு நீளம், சூடு இறங்க நேரமாகும். மூன்று மைல் ஓடி நிற்கிற வண்டிக்கு அது நல்லது, அந்தச் சூட்டில் கரி எரிந்துவிடும். பாரத்தோடு மலை ஏறுகிற வண்டி உள்ளுக்குள் தானாகவே கொதிக்கும். அதற்குச் சூட்டை உடனே இறக்கிவிடுகிற குளிர்ந்த பிளக்தான் வேண்டும், வெளியே பனிக்கட்டியே பெய்தாலும். மழையைப் பார்த்து நான் பிளக் சொல்லியிருக்கிறேன். இன்ஜினைப் பார்த்துச் சொல்லவில்லை. அவர் முடிச்சில் கட்டி எடுத்துவந்த பழைய நாலும்தான் சரியான பிளக்.

இங்கிலீஷ் படித்தவளாம், பிளக் மதினியாம்.

மறுநாள் முதல் வேலையாகப் பெட்டியில் ஒட்டிய தாள்களைக் கிழித்தேன். குளிர்ச்சி என்று இருந்த இடத்தில் ஆறும் என்று எழுதினேன். சூடு என்று இருந்த இடத்தில் ஆறாது என்று எழுதினேன். மலைக்குப் போகிறவர்கள் ஆறும் பிளக்கைப் போடுங்கள், குற்றாலத்துக்கு மட்டும் ஓட்டுகிறவர்கள் ஆறாததைப் போடுங்கள் என்று எல்லாரிடமும் சொன்னேன். ஏன் மாற்றினேன் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்கப்புறம் அந்த மலையில் வேறு எந்த வண்டியும் என்னால் நிற்கவில்லை என்பது ஒரு ஆறுதலா? அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டால் ராத்திரி கொஞ்சம் தூக்கம் வந்தது.

பட்டாளத்துக்காரரிடம் மட்டும் சொல்லவில்லை. முதலில், அவள் உடம்பு தேறட்டும் என்று இருந்தேன். அப்புறம், தீபாவளி நேரத்தில் போய் எதற்கு என்று இருந்தேன். அப்புறம் சாக்குக் கூடத் தேவைப்படவில்லை. ஊர் முழுக்க அவர் கால்மேல்தான் பழி போட்டது. அவரும் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். காரைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டு ஆலங்குளத்தில் ஒரு அரிசி ஆலையில் காவலுக்குப் போனார். யார் வண்டி கொடுத்தாலும் ஓட்ட மாட்டேன் என்றாராம். சைக்கிளில் எங்கள் கடையைத் தாண்டிப் போவார். என்னைப் பார்த்தால் கையைத் தூக்குவார். நானும் தூக்குவேன். அந்தக் கையை வெட்டிப் போட்டால் என்ன என்று இருக்கும்.

அடுத்த ஆடி வந்தது. ஒருநாள் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். இளைத்திருந்தார். சட்டைப் பையிலிருந்து அந்தத் துணி முடிச்சை எடுத்து மேஜையில் வைத்தார். வீட்டில் கிடக்கிறது, யாருக்காவது உதவும், கொடுத்துவிடுங்கள் என்றார். நான் முடிச்சை அவிழ்த்தேன். நாலு பிளக்கும் பிஸ்கட் நிறத்தில் இருந்தன. நன்றாக வேலை செய்த பிளக்குக்கு அந்த நிறம்தான் வரும், படத்தில் போட்டிருக்கிறது.

அவருக்குப் பேச வேண்டும் போல இருந்திருக்கிறது. சம்சாரம் அவரிடம் பேசுவதில்லை என்றார். நீங்க மிதிச்ச மிதியிலதான் எம் பிள்ள போச்சு என்று புனலூரில் சொன்னாளாம், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு டம்ளரால் தரையில் ஒரு தட்டுத் தட்டுவாளாம். அந்தச் சத்தம் கேட்டால் இவர் போய்ச் சாப்பிட வேண்டும்.

"அவளச் சொல்லிக் குத்தமில்ல மதினி. நான்தான மிதிச்சேன். கண்ண மூடுனா எங்காலுதான் தெரியுது" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். ஏதாவது வரும் என்றுதான் திறந்தேன். கடைக்கு வேறு ஆள் வந்துவிட்டது. இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஊரே சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற வாய், வேண்டிய நேரத்தில் ஒரு சொல்லுக்கு உதவவில்லை.

வீட்டுக்காரரிடம் அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை. போன உயிர் திரும்பி வராது, பிளக்கினால்தான் பிள்ளை போனது என்று எந்த டாக்டர் சொன்னார், நீயாக ஏன் போய்த் தலையைக் கொடுக்கிறாய், விஷயம் வெளியே போனால் நாளைக்கு ஒருத்தன் நம் கடைப்படி ஏறுவானா என்று கேட்டார். கேட்டதெல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. வண்டி நிற்காமல் போயிருந்தாலும் அந்தப் பிள்ளை பிழைத்திருக்குமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மனுஷன் கண்ணை மூடினால் தெரிகிற கால் என்னுடையது. அது எனக்குத் தெரியும்.

மறுநாள் மத்தியானம் சுவரிலிருந்து படத்தைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டேன். பெட்டிக்கு ஒன்றாக இரண்டு பிளக் எடுத்துக்கொண்டேன். மெக்கானிக் கொண்டுவந்து போட்டதில் அந்த உருகினதை ஒரு வருஷமாக ஒளித்து வைத்திருந்தேன், அதையும் எடுத்துக்கொண்டு இலஞ்சிக்குப் போனேன்.

அவர் அன்றைக்கு வீட்டில் இருந்தார். முன் அறையில் பாயை விரித்து உட்காரச் சொன்னார். உள்ளே அடுப்பு வேலை நடக்கிற சத்தம் கேட்டது. நான் படத்தைத் தரையில் விரித்தேன். மூன்று பிளக்கையும் அதன்மேல் வைத்தேன். இது நீளமான மூக்கு, இது குட்டை மூக்கு, இது உங்கள் வண்டியில் இருந்தது என்று காட்டினேன். மலைக்கு எது வேண்டும் என்று அந்தப் பொடி எழுத்தை வரிவரியாகப் படித்து அர்த்தம் சொன்னேன். நீங்கள் மிதிக்காமல் ஓட்டியிருந்தாலும் அந்தப் பிளக்கோடு அந்த மலையை ஏறியிருக்க முடியாது என்றேன். ஜன்னி கண்டுரும்னு சொன்னது நான்தான் அண்ணாச்சி, பழசை மாட்டவிடாமச் செய்தது நான்தான் என்றேன்.

அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. உருகின பிளக்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் தன் வலது காலைப் பார்த்தார். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே சத்தம் நின்று போயிருந்தது. நான் நிமிர்ந்தபோது அவள் உள்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தது. அடிக்க வந்தால் அடி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்துத்தான் வந்திருந்தேன்.

"ஒங்களுக்கு எப்பத் தெரியும் மதினி?" என்று கேட்டாள்.

"போன ஆடியிலயே தெரியும்."

அவள் அவர் கையில் இருந்த பிளக்கைப் பார்த்தாள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

"பிளக்கு மாத்திச் சொன்னது தெரியாமச் செஞ்சது. அத நான் ஒண்ணும் சொல்லல. இந்த ஒரு வருசம் தெரிஞ்சுல்லா செஞ்சிருக்கிய. இவர நான் என்ன பாடு படுத்திட்டேன்."

மன்னிப்புக் கேட்கலாம் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அது பிளக்குக்குச் சேர்த்த வார்த்தை. அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை.

அவள் உள்ளே போனாள். தட்டு எடுக்கிற சத்தம் கேட்டது, சோறு போடுகிற சத்தம் கேட்டது. அவர் அந்த உள்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். இனி டம்ளர் தரையில் தட்டும் என்று நான் காத்திருந்தேன். அவரும் அதற்குத்தான் காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

"சாப்பிட வாங்க" என்று குரல் வந்தது. "சோறு ஆறுது."

அவர் பிளக்கைப் படத்தின்மேல் வைத்துவிட்டு எழுந்தார். அப்புறம் உள்ளே போனார். நான் மூன்று பிளக்கையும் பொறுக்கிக்கொண்டு படத்தைச் சுருட்டினேன். வாசலில் நின்று, போயிட்டு வாரேன் என்றேன். வாங்க என்று யாரும் சொல்லவில்லை.